கணினிப் பாதுகாப்புப் படிப்பு: அடிப்படையில் என்ன இருக்கிறது?



2018-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரு செய்தி வெளியானது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிக்குள் புகுந்தவர்கள், 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அன்றைய மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! அவர்களில் ஏறக்குறைய 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் அடக்கம்.

இவ்வளவு பெரிய திருட்டு என்றால் யாரும் கண்டிராத ஒரு மாய வித்தைதான் நடந்திருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. வந்தவர்கள் கைதேர்ந்தவர்கள், பொறுமைசாலிகள் என்பதை அது மறுக்கவில்லை. 2017 ஆகஸ்டிலேயே உள்ளே காலடி வைத்தவர்கள் அவர்கள். ஆனால், அவர்கள் நடந்து போன பாதையைப் பாருங்கள். ஒரு பணிக்கணினியில் மின்னஞ்சல் மென்பொருளுக்கு வந்திருந்த திருத்தம் போடப்படாமல் கிடந்தது. மருத்துவமனைச் சேவையகங்களுக்கும் நோயாளிகளின் தரவுத்தளத்துக்கும் இடையே, கட்டாயம் இல்லாத ஓர் இணைப்பு திறந்திருந்தது. ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லோ, 'பாஸ்வர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லேதான்! 'ஏ' எழுத்துக்குப் பதிலாக 'அட்' குறி, 'ஓ' எழுத்துக்குப் பதிலாகச் சுழியம், அவ்வளவுதான் மாற்றம்.

பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பின் முதல் பாடங்களில் 'செய்யக்கூடாது' என்று சொல்லித் தரப்படுபவை இவை.

இந்தப் படிப்பில் சேரும் பிள்ளைகள் பலர் திரைப்படம் பார்த்துவிட்டு வருகிறார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பத்து விநாடியில் வங்கியே திறந்துகொள்ளும்! வகுப்பில் உட்கார்ந்தால் எண் கணிதம், இயங்குதளம், கட்டமைப்பு என்று பாடம் நடக்கிறது. முகம் வாடிவிடுகிறது. வீட்டிலோ, "மூன்று மாத வகுப்பில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் ஏதேதோ மென்பொருளை ஓட்டிக் காட்டுகிறான், நீ இன்னும் கணக்குதான் போடுகிறாயா?" என்ற கேள்வி எழுகிறது. மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தக் கணக்குக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாவதில்லை.

பாதுகாப்பு என்றால் எதைக் காப்பது? இந்தப் பாடம் மூன்றைச் சொல்கிறது: உரியவர் தவிர மற்றவர் பார்க்கக்கூடாது, அனுமதியின்றி எதுவும் மாறக்கூடாது, வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டும். சிங்ஹெல்த்தில் உடைந்தது முதலாவது. பதிவுகள் திருத்தப்படவில்லை, அழிக்கப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டதால் இரண்டாவது தப்பியது. ஒவ்வாமை உள்ள ஒரு நோயாளியின் பதிவில் யாரோ ஒரு சொல்லை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இரண்டாவதன் அருமை புரியும். மூன்றாவதற்கு உதாரணம் 2017 மே 12-இல் பரவிய 'வான்னகிரை' கிருமி நிரல். பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் கணினிகள் முடங்கி, சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தள்ளிப்போயின. அந்தக் கிருமி நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

அடுத்து, கடவுச்சொல். ஒழுங்காக அமைத்த கணினி யாருடைய கடவுச்சொல்லையும் அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதை அரைத்துத்தான் வைக்கிறது. அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா? நீங்கள் மறுபடி உள்ளே வரும்போது, கொடுத்த சொல்லை மீண்டும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. ஆனால் இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் இருவர் மாவும் ஒன்றாகிவிடுமே? அதற்காக அரைக்கும் முன் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பிடி உப்பைச் சேர்க்கிறார்கள். இது விளையாட்டுப் பேச்சு அன்று. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே உப்புதான்.

இந்த உப்பை விளக்கி 1979-இல் கட்டுரை எழுதியவர்கள் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் என்ற இரு அமெரிக்கர்கள். அவர்கள் உண்மையான 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தார்கள். 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, மிகக் குட்டையாகவோ அகராதியில் உள்ளதாகவோ எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவையாக இருந்தன. அரைக்கும் இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தென்ன, போடுகிற அரிசியை எதிரி ஊகித்துவிட்டால்?

கதையின் விசித்திரம் இனிமேல்தான். 1988 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் இணையத்தில் ஒரு 'புழு' நிரல் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அது கையாண்ட வழிகளில் ஒன்று, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொல்லை ஊகிப்பது. எழுதியவர் கார்னல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். அந்தக் கட்டுரையாசிரியரின் மகனேதான்! தந்தை அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. அப்பன் பூட்டைப் பற்றி எழுத, பிள்ளை அதைத் திறந்து காட்டினான் என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகச் சேவை, 10,050 டாலர் அபராதம் விதித்தது. பின்னாளில் அவர் எம்ஐடியில் பேராசிரியரானார் என்றாலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி இரண்டாவது வாய்ப்பு அமையும் என்று எண்ணுவது ஆபத்து.

இங்கே பெற்றோர்கள் சற்றுக் காது கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 1993-ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டமும், மலேசியாவில் 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் உள்ளன. அனுமதியில்லாமல் மற்றவர் கணினிக்குள் நுழைவதே குற்றம். எதையும் திருடவில்லை, சும்மா பார்த்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது. பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பழகுவதற்கென்றே வெளியுலகத் தொடர்பற்ற ஆய்வுக்கூடம் அமைத்து, இதை மட்டும் தாக்கிப் பார் என்று எல்லை போடுகிறார்கள். இணையத்தில் காணொளி பார்த்துக் கற்கும் பையனுக்கு அந்த எல்லையைக் காட்டுவது யார்?

இன்னொரு பாடம் 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும் எழுதியது: ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டுமே கொடு. கேட்டால் மளிகைக்கடை முதலாளிக்கும் தெரிந்த விஷயம்தான். கல்லாச் சாவியை அவர் எல்லார் கையிலும் கொடுப்பதில்லை. ஆயிரம் ஊழியர், நூறு சேவையகம் என்று வரும்போதுதான் எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. அதைக் கணக்கு வைப்பது சலிப்பான வேலை. சம்பளம் அதற்குத்தான் தருகிறார்கள்.

சிங்ஹெல்த் விவகாரத்தில் கடைசியில் திருட்டை நிறுத்தியது எது? 2018 ஜூலை 4-ஆம் தேதி, தரவுத்தளத்துக்கு வழக்கத்துக்கு மாறான கேள்விகள் போவதை ஒரு தகவல் தொழில்நுட்ப ஊழியர் கவனித்தார். இது தன் வேலையில்லை என்று ஒதுங்காமல், சக ஊழியர்களுடன் சேர்ந்து அவற்றைத் தடுத்தார். அதே நிறுவனத்தில் வேறு சிலர் அறிகுறிகளைக் கண்டும், மேலே சொன்னால் தங்கள் தலையில் கூடுதல் சுமை விழும் என்று தாமதித்ததையும் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனதே ஜூலை 10-இல்தான்.

ஆகவே, கல்விக் கண்காட்சிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர்கள், வேலை கிடைக்குமா என்பதோடு நின்றுவிட வேண்டாம். இயங்குதளமும் கட்டமைப்பும் எத்தனை பருவம் நடத்துகிறீர்கள், மறைகுறியீட்டுக்கு வேண்டிய கணிதம் உண்டா, சட்டம் ஒரு பாடமாக இருக்கிறதா, ஒரு சம்பவம் நடந்தால் யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று பயிற்சி தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எதற்கு, நேரே கருவியைக் கையில் கொடுத்துவிடுவோம்" என்று பதில் வந்தால், கட்டணப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்கு நடக்கலாம்.