குழந்தை உறங்கும் அறையின் ஈரம்

குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்பர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது 80 விழுக்காட்டையும் எளிதில் தாண்டிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத தூசிப்பூச்சிகள் நீரைத் தேடிக் குடிப்பவை அல்ல. காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சியே வாழ்பவை என்பதால், ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழ் நீடித்தால் உலர்ந்து மடிகின்றன, மிகுந்தாலோ மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகின்றன. அவற்றின் கழிவு, ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டுகிறது.

மழைநாளில் குழந்தையின் துணிகளை அது உறங்கும் அறையிலேயே கொடி கட்டி உலர்த்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. துணியை விட்டு நீங்கும் நீர் முழுவதும் அவ்வறைக் காற்றில்தான் சேர்கிறது என்பதால், முதலில் கைவிட வேண்டியது இதுவே. மழைநீர் ஊறிய வெளிச்சுவரை ஒட்டிக் கட்டில் கிடந்தால், அதன் பின்புறம் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படரும். ஒரு சாண் தள்ளிப் போட்டால் இடையே காற்று ஓடும். சன்னலைத் திறப்பது எந்நேரமும் நன்மை தருவதன்று. மழை பெய்கையில் மூடிவைத்து, வெயில் காணும் நண்பகலில் திறப்பதே பயன் தரும். இலவம்பஞ்சு மெத்தையையும் அவ்வெயிலிலேயே மொட்டைமாடியில் இருபுறமும் திருப்பிக் காயவைத்தல் நலம்.