சுண்டு சொல்லித் தந்த கணக்கு

இன்றைய என் பேச்சின் பொருள் மிகச் சிறியது. வெறும் ரின்பால் பேணி ஒன்று. கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக் குசினியில் அதற்குச் சுண்டு என்று பெயர். அரிசி அளந்தது அதனால்தான். எனக்கும் தம்பிக்கும் முதற் கணக்கு வாத்தியாராக இருந்ததும் அதுதான்.

அரிசியை உலையில் இட்டதும் அம்மா சுண்டையும் கொத்தையும் எங்கள் கையில் தந்து, முற்றத்து மணலில் இருத்திவிடுவார். சுண்டால் மணலை அள்ளிக் கொத்தை நிரப்புவோம். நாலு சுண்டு ஒரு கொத்து என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஐந்தாவது சுண்டு மணல் வழிந்து சிந்தியபோது நாங்களே கண்டுகொண்டோம். தானாகக் கண்டுகொண்ட கணக்கு மறப்பதில்லை.

நுங்குக் காலத்தில் இன்னொரு பாடம் நடக்கும். நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டைத் தடியொன்றில் இறுகக் கோர்த்து, கவர்த்தடியால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். ஒரு கோம்பை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் வண்டி நேரே போகாது. சிறியதன் பக்கமாகவே வளையும். ஏன் என்று கேட்டுக் கேட்டு, ஒத்த அளவான கோம்பை தேடத் தொடங்கினோம். சில்லைப் பற்றிய அறிவு அங்கேதான் பிறந்தது.

1990 இல் மீண்டும் போர் மூண்டு, பொருளாதாரத் தடை வந்தது. அதற்கு முன்னர் மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்த பற்றரிக் கார் ஒன்று எங்களிடம் இருந்தது. பற்றரி தடைசெய்யப்பட்டதும் கார் நின்றுவிட்டது. ஓடிய நாளில் தம்பி அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். நின்ற பிறகுதான் கழற்றிப் பார்த்தான்.

இதைப் பெரியவர்கள் முன்னரே கண்டிருக்கிறார்கள். மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே அழகான பொம்மைகளும் இருந்தன. ஆனால் பிள்ளைகள் அவற்றை நாடவில்லை. கையால் செய்து பார்க்கும் வேலைகளையே விரும்பினர் என்று அவர் எழுதியிருக்கிறார். இந்தியாவில் அரவிந்த் குப்தா என்னும் பொறியியலாளர், 1978 இல் ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில் சேர்ந்து, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ரியூப் துண்டுகளால் பொருத்தி முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார். சதுரத்தை அழுத்தினால் சரியும்; முக்கோணம் சரியாது. கூரைக் கைமரம் ஏன் முக்கோணமாக நிற்கிறது என்பது அந்தக் குச்சிகளில் விளங்கிவிடும்.

ஆனால், நேயர்களே, இல்லாமையைப் பாராட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்துச் சனங்களோடு சனங்களாக நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். அம்மா உடுபுடவையோடு சுண்டையும் மூட்டையில் வைத்திருந்தார். பள்ளிக்கூட விறாந்தையொன்றில் தங்கினோம். பகலில் சுண்டு பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். பொழுதுபட்டால் அரிசி அளக்கும் அளவை. ஒருநாள் அம்மா அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி கேட்டான்:

"அம்மா, நேற்று மூண்டு சுண்டு போட்டனீங்கள். இண்டைக்கு ஏன் ரண்டு?"

அம்மா பதில் சொல்லவில்லை. முற்றத்து மணலில் படித்த கணக்கு அவனுக்குப் பசியின் அளவையும் காட்டிக் கொடுத்துவிட்டது. மெய்யான கல்வி அப்படித்தான். உலகத்தை உள்ளபடி காட்டும்.

இன்று கடை நிறையப் பொம்மைகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்தும் பெட்டி பெட்டியாக வருகின்றன. அழும் பிள்ளைக்குக் கைத்தொலைபேசியைக் கொடுத்து அமர்த்துகிறோம். பிள்ளை அமர்ந்துவிடுகிறது, ஆனால் கை சும்மா இருக்கிறது. ஒரு சுளகில் புளியங்கொட்டையையும் சோகியையும் கலந்து வையுங்கள். பிள்ளை இனம் பிரிக்கும். போத்தல்களையும் மூடிகளையும் கொடுங்கள். எது எதற்குப் பொருந்தும் என்று தேடும். சிரட்டையும் ஒரு வாளி தண்ணீரும் கொடுங்கள். எது மிதக்கும், எது தாழும் என்று பார்க்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் கொட்டை, சோகி போன்ற சிறியவற்றைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துவிடும். பேணியின் விளிம்பைத் தட்டி மழுக்கிக் கொடுங்கள். எந்த வயதுப் பிள்ளையானாலும் தண்ணீர் வாளியருகே தனியே விடாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

பக்கத்தில் இருப்பதுதான் இதில் விலை கூடிய பொருள். பேணி காசில்லாமல் கிடைக்கும். அம்மா அடுப்படியில் நின்றபடியே "எத்தனை சுண்டு போட்டனீங்கள்?" என்று கேட்ட அந்தக் கேள்வியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்தச் சுண்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. நேற்றுப் பேத்தி அதில் மணல் அள்ளிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது சுண்டு வரும்வரை நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.