கையொப்பத்தின் மதிப்பு

(உடுவிலில் சிறுதொழில் செய்யும் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடுவில் என்றதும் கற்றோர் நினைவில் முதலில் எழுவது இவ்வூர் மகளிர் கல்லூரியாகும். 1824 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென இங்கு ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடக்கினர். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. அதன்பின் இரு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. இன்று உடுவிலில் தன் பெயரை எழுதத் தெரியாத பெண்ணைக் காண்பது அரிது. ஆகவே நாம் இன்று எழுப்ப வந்த கேள்வி வேறு. கையொப்பமிடத் தெரிந்த பெண்ணின் கையொப்பத்திற்கு என்ன மதிப்பு இருக்கிறது? அதுவே கேள்வி.

இங்கே கூடியிருப்போரில் மிளகாய்த்தூளும் கறித்தூளும் செய்து விற்போர் உளர். ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பொதி செய்து சுன்னாகம் சந்தைக்கு அனுப்புவோர் உளர். தையல் இயந்திரத்தின் முன் இரவைப் பகலாக்குவோர் உளர். ஆடும் கோழியும் வளர்த்துப் பிள்ளைகளைப் படிப்பிப்போரும் உளர். உழைப்பில் குறைவில்லை, கைத்திறனில் குறைவில்லை. குறைவாயிருப்பது முதல் ஒன்றே. அந்த முதல் ஏன் குறைந்தது என்பதை நாம் சிறிது ஆராய வேண்டும்.

பூட்டிய காணி

யாழ்ப்பாணத்துப் பெண் நிலமற்றவள் அல்லள். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806 இல் சட்டவலு அளிக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே கண்டது. தாயின் சீதனம் மகளுக்குச் சென்றது. ஊர்தோறும் எத்தனை சீதன உறுதிகள் பெட்டகங்களுள் உறங்குகின்றன!

அவ்வுறுதியைக் கொண்டு வங்கியில் கடன் பெறலாமே என்று கேட்பீர்கள். 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கமாகிய யாழ்ப்பாண விவாகவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அங்கேதான் குறுக்கே நின்றது. அதன் 6 ஆம் பிரிவு, மனைவியின் சொத்து அவளுடைய தனிச்சொத்தே என்று ஒரு கையால் கொடுத்தது. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். மரண சாசனமும் எழுதலாம். ஆனால் அசையாச் சொத்தை உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று மறு கையால் பறித்துக்கொண்டது. நகையை அடகு வைக்கலாம். காணியை ஈடு வைக்க முடியாது!

இந்நாட்டின் மற்றைய பெண்களிற் பெரும்பாலோருக்கு இத்தடையை 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க மணமான பெண்கள் சொத்துச் சட்டம் நீக்கிற்று. தேசவழமைக்கு உட்பட்ட நம் பெண்களோ அச்சட்டத்திற்குப் புறத்தே விடப்பட்டனர். ஒரு நூற்றாண்டு காலம் காணி ஒருத்தியுடையதாகவும் பேனா இன்னொருவருடையதாகவும் இருந்தது.

கணவன் சம்மதம் தர மறுத்தால், கைவிட்டுப் போனால், இருக்குமிடம் அறியப்படாவிட்டால், மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாகச் சம்மதம் வழங்கலாம் என்று அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு வழி வைத்தது. அறையில் இருந்து வாசிக்கும்போது இது நியாயமாகவே தோன்றும். ஆனால் 2009 இல் முடிந்த போருக்குப் பின், காணாமற் போன கணவனைத் தேடி அலைந்த பெண்ணின் நிலையில் நின்று இதனை வாசித்துப் பாருங்கள். கணவன் இறந்தான் என்று சொல்ல அவள் மனம் இடந்தரவில்லை. இருக்கிறான் என்று காட்ட ஆளில்லை. கோழிக்கூடு கட்டக் கடன் பெறுவதற்குத் தன் தாய் தந்த காணியைக் காட்டி அவள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், காணாமற் போனமைக்கான சான்றிதழ் பெற வழி செய்தது. மரணச் சான்றிதழ் கேட்க மனமில்லாதோர், நீதிமன்றத்தில் சான்றாக வைக்கக்கூடிய இப்பத்திரத்தைப் பற்றிச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிதல் நன்று.

இன்னொன்றும் சொல்வோம். இத்தடை மணமான பெண்ணைப் பற்றியதே. கைம்பெண்ணுக்கும் மணமாகாத வயதுவந்த பெண்ணுக்கும் அது பொருந்தாது. அவர்களிடம் எவரேனும் "ஆண் ஒருவரின் கையொப்பம் கொண்டு வா" என்று கேட்டால், "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?" என்று திருப்பிக் கேளுங்கள். 6 ஆம் பிரிவைத் திருத்தும் முயற்சிகளும் எழுந்துள்ளமையால், மணமானவர்கள் உறுதி எழுதப் போகும் நாளில் சட்டம் எந்நிலையில் நிற்கிறது என்று நொத்தாரிசிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

வாசலுக்கு வந்த கடன்

வங்கிக் கதவு திறக்காத வேளையில் வேறொரு கடன் வாசலுக்கே வந்தது. காணி உறுதி கேட்கவில்லை. கணவனின் சம்மதம் கேட்கவில்லை. அயலிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்றது. பெண்ணின் கையொப்பத்தை முதன்முதலாக மதித்தவன் வட்டிக்காரன்! மதித்த காரணத்தை அவன் சொல்லவில்லை. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர், நுண்கடன்களுக்குச் சில இடங்களில் ஆண்டு வட்டி 220 வீதம் வரை ஏறியிருந்ததை வெளிப்படுத்தினார். அதே ஆண்டில், வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது.

வட்டிக் கணக்கின் சூட்சுமத்தை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். 50,000 ரூபா கடன், நூற்றுக்கு 20 வட்டி, பன்னிரண்டு மாதம். முழுத் தொகைக்கும் வட்டியைத் தொடக்கத்திலேயே சேர்த்து 60,000 ஆக்கி, மாதம் 5,000 ரூபா கட்டச் சொல்வார்கள். ஆனால் ஆறாம் மாத முடிவில் பாதி முதலை நீங்கள் திருப்பிவிட்டீர்கள். வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும் ஓடுகிறது! உண்மையில் நீங்கள் கொடுப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 35 வீதம். கட்டக் கட்டக் குறையும் மிகுதிக்கு மட்டும் அதே 20 வீத வட்டி கணக்கிட்டால், ஆண்டு முழுவதற்கும் வட்டி 5,600 ரூபாவுக்குள் அடங்கிவிடும். ஆகவே "எத்தனை வீதம்?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "மொத்தமாக நான் திருப்பித் தருவது எவ்வளவு? வட்டி முழுத் தொகைக்கா, மிகுதிக்கா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணக்கடன் சட்டத்தின்படி, கடனுக்குப் பிணையாக வாங்கப்படும் வாக்குறுதிச் சீட்டிலே உண்மையில் கொடுத்த முதலும், முன்கூட்டியே கழித்த வட்டியும், வட்டி வீதமும் வெவ்வேறாகக் காட்டப்பட வேண்டும். தொகையை வெறுமையாக விட்டுச் சீட்டு வாங்குவதை அச்சட்டம் குற்றமாக்கியது. கடனைத் திருப்ப இயலாமற் போவது குற்றமன்று. அது உரிமை வழக்குக்குரிய விடயம். பணமில்லாக் கணக்கில் காசோலை எழுதிக் கொடுப்பதோ வேறு, அது குற்றமாகக்கூடும். வழக்குரைஞர் வைக்க வசதியில்லாதோர், 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம்.

அதே ஆண்டின் இன்னொரு சட்டம்

1911 ஆம் ஆண்டு காணியைப் பூட்டியது என்றோம். அதே ஆண்டில் அதே அரசாங்கம் இயற்றிய இன்னொரு சட்டமும் உண்டு. அது 7 ஆம் இலக்கக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். தனித்தனியே முதலில்லாதோர் ஒன்று கூடினால் முதலுண்டு என்பதே அதன் தத்துவம். யாழ்ப்பாணத்தார் அதனை இறுகப் பற்றிக்கொண்டனர். மூளாயில் மருத்துவமனையையே கூட்டுறவில் நடத்திக் காட்டினர். இன்று 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ச் சங்கங்கள் இயங்குகின்றன. ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. நூறு ரூபாப் பங்குக்கும் அதே வாக்கு. பதினாயிரம் ரூபாப் பங்குக்கும் அதே வாக்கு.

இந்தியாவின் அகமதாபாத் நகரில் 1974 இல் ஏறக்குறைய 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபா பங்கு சேர்த்துத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். தெருவில் காய்கறி விற்றோரும் பழந்துணி விற்றோரும் அவர்களுள் இருந்தனர். வழிநடத்திய எலா பட் அம்மையார் சட்டம் பயின்றவர். அப்பெண்களிற் பலருக்கு எழுதத் தெரியாது. கையொப்பத்துக்குப் பதிலாகப் புகைப்படத்தை வைத்து அவ்வங்கி கணக்குத் திறந்தது. கையொப்பமிடத் தெரியாதோர் வங்கி நடத்தினர் என்றால், இருநூறு ஆண்டுகளாக எழுத்துப் படித்த உடுவில் பெண்கள் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தை உரமாக நடத்த முடியாதா?

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். வீட்டுப் பணமும் தொழிற்பணமும் ஒரே முடிச்சில் இருக்கக் கூடாது. இரண்டு பை, இரண்டு கணக்கு. விலை வைக்கும்போது மிளகாயின் விலையோடு, காயவைப்பதில் குறையும் நிறை, ஆலைக்கூலி, பை, போக்குவரத்து இவற்றையும் சேருங்கள். உங்கள் உழைப்புக்குக் கூலியையும் மறவாமற் சேருங்கள். கூலி சேர்க்காத இலாபம் இலாபமன்று. சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் நடத்துவோர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். உணவுப் பொருள் செய்வோர், சுட்டுத்துண்டு எழுதும் முறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பனம்பொருள் செய்வோருக்குப் பயிற்சி அளிக்கப் பனை அபிவிருத்திச் சபை உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்குத் தவறாது போங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக மட்டும் இராமல் நிருவாகக் குழுவிலும் அமருங்கள். கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். கணக்குக் கேட்கப்படாத சங்கம் கெட்டுப் போகும்.

நமக்கும் ஒரு சொல்

இறுதியாக, அரசியல் மேடையில் நிற்கும் ஆண்களாகிய நமக்கே நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மண்ணை நாமே ஆள வேண்டும், நம் அலுவலை நாமே தீர்மானிக்க வேண்டும் என்று பல தசாப்தங்களாக முழங்கி வருகிறோம். அது நியாயமான முழக்கம்; அதிலிருந்து நாம் பின்வாங்கவில்லை. ஆனால் தன் காணியைத் தானே ஆளும் உரிமையை நம் வீட்டுப் பெண் கேட்டபோது, "வழமை" என்று சொல்லி வாயடைத்தோம். கொழும்பு நமக்குச் சொன்ன அதே காரணங்களை நாம் அவளுக்குச் சொன்னோம்: பொறுப்பு அறியாள், ஏமாந்து போவாள், குடும்பம் பிளவுபடும் என்று. பிறரிடம் கேட்கும் நீதியை வீட்டில் மறுப்போரின் குரல் வெளியில் எப்படி எடுபடும்?

சட்டப் புத்தகத்தின் வரியைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை. வங்கி மேசையில் "கணவர் எங்கே?" என்ற கேள்வி எழாமற் செய்வதும், உறுதியை வாசித்துப் பார்க்கும் பெண்ணை "வாயாடி" என்று ஏசாமல் இருப்பதும் நம் எல்லோருடைய வேலையும் ஆகும்.

தாய்மார்களே! இன்று வீடு சென்றதும் பெட்டகத்தைத் திறந்து உங்கள் உறுதியை எடுத்து வாசியுங்கள். கடன் புத்தகத்தையும் வாசியுங்கள். விளங்காத வரியின் கீழ்க் கோடிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு வரியாக உங்களோடு இருந்து வாசித்து விளக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். விளங்கிய பின் இடும் கையொப்பமே உங்கள் கையொப்பம்.