மாதக் கட்டணம் இல்லாமல் டி.வி.: டிஷ்ஷைச் சரியாகத் திருப்புவது எப்படி?

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பொதுமக்களிடம் ஆற்றிய உரை)



நம்ம பக்கத்தில் சில மாடிகளில் பழைய டி.வி. ஆன்டெனா இன்னும் நிற்குது. அது வடமேற்கே, கொடைக்கானல் மலையைப் பார்த்து வைத்தது. தூர்தர்ஷன் அங்கிருந்துதான் நமக்கு வந்தது. அந்தக் காலத்து அனலாக் ஒளிபரப்பிகளைப் பிரசார் பாரதி நாடு முழுக்கப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016-ல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் நம்ம ஊர் இல்லை. அதனால், "டிஜிட்டல் ஆன்டெனா மாட்டினால் எல்லாச் சேனலும் வரும்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துடாதீங்க.

நமக்கு உள்ள வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் வந்தது. டிஷ், பெட்டி, வயர் வாங்க ஒருமுறைதான் செலவு. மாதக் கட்டணம் கிடையாது. ரீசார்ஜ் என்று கேட்டால் தர வேண்டாம்.

டிஷ் பார்க்க வேண்டியது ஜிசாட்-15 செயற்கைக்கோளை. உங்க போனில் திசைகாட்டியைத் திறங்க. அருப்புக்கோட்டையிலிருந்து அது சுமார் 121 டிகிரி, அதாவது தென்கிழக்குக்குக் கொஞ்சம் கிழக்கே. பழைய ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய எதிர்த்திசை. இரும்புக் கம்பத்தை விட்டுத் தள்ளி நின்று பாருங்க, இல்லைன்னா முள் தப்பாகக் காட்டும். உயரக் கோணம் சுமார் 69 டிகிரி என்பதால் தூரத்து மரமோ கட்டடமோ மறைக்காது.

பெட்டியின் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என இரண்டு கோடு இருக்கும். குவாலிட்டியைத்தான் பார்க்கணும். ஸ்ட்ரெங்த் ஏறியும் குவாலிட்டி ஏறவில்லை என்றால் டிஷ் வேறு பக்கம் பார்க்குது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். டிஜிட்டலில் ஓர் அளவு வரை சுத்தமாக இருக்கும். அதுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றே போகும். ஆடிக் காற்றில் டிஷ் கொஞ்சம் அசைந்தாலே இது நடக்கும். போல்ட்டை இறுக்கி வைங்க.

இனி எச்.டி. சாதாரணப் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள். முழு எச்.டி.யில் 1920-க்கு 1080. சரியாக ஐந்து மடங்கு. ஆனால் சேனல், பெட்டி, வயர், டி.வி. நான்கும் எச்.டி.யாக இருந்தால்தான் அந்தத் தெளிவு கிடைக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் எச்.டி. வராது, எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலான சேனல்கள் சாதாரணத் தரம்தான். பெட்டியில் 'எச்.டி.' என்று எழுதியிருப்பதால் மட்டும் அவை எச்.டி. ஆகிவிடாது. அரசு கேபிள் வைத்திருப்பவர்கள், எச்.டி. பெட்டி உண்டா, எந்தெந்தச் சேனல் எச்.டி.யில் வரும் என்று முதலில் கேளுங்க.

கடைசியாக ஒன்று. நம்மது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் கனமழை கொட்டும்போது டிஷ் சிக்னல் மங்கிவிடும். அது டிஷ்ஷின் கோளாறு இல்லை. மழைத்துளிகள் அலையை உறிஞ்சுவதால் வருவது. மழை விட்டதும் படம் தானாக வரும், யாரும் நனைந்துகொண்டு மாடி ஏற வேண்டாம். ஆனால் எச்சரிக்கை தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். அதனால் டி.வி.யை மட்டும் நம்பாமல், டிஎன் அலர்ட் செயலியைப் போனில் இன்றைக்கே போட்டுக்கோங்க. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐயும் சேமித்து வைங்க. போன் இல்லாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.