கடைக்காரரும் கணக்கு நூலும்

சம்பள நாளுக்கு மறுநாள் அட்டன் கடைவீதியில் காணும் காட்சி மலைநாட்டார்க்குப் புதிதன்று. தோட்டத்திலிருந்து இறங்கி வந்த தொழிலாளர் கடைமுன் நிற்பர். முதலாளி கடன் கொப்பியைப் புரட்டி, அரிசி, மா, தேங்காயெண்ணெய் என்று சென்ற மாதத்துப் பற்றைக் கூட்டிச் சொல்வார். சொன்ன தொகை கொடுக்கப்படும். கொப்பியில் எழுதியிருப்பது என்னவென்று கேட்போர் சிலரே. அக்கொப்பியைச் செம்மையாக எழுதக் கற்பிக்கும் நூல்களைப் பற்றியதே இன்றைய பேச்சு.

வணிகம் அனுபவத்தால் வருவது, அதற்கு நூல் எதற்கு என்று வினவுவோர் பலர் உளர். ஆனால் நூலும் அனுபவத்திலிருந்து பிறந்ததே. 1494ஆம் ஆண்டில் லூக்கா பாச்சோலி என்னும் துறவி வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கினார். அம்முறையை அவர் கண்டுபிடித்தாரல்லர். அந்நகர வணிகர் நெடுங்காலம் கையாண்டதைத் திரட்டி எழுதினார். ஒரு கடைக்காரர் அறிந்ததை மற்றவரும் அறியச் செய்வதே நூலின் பணி.

எத்தகைய நூலை நண்பருக்குப் பரிந்துரைப்பது? கிளாஸ்கோ நகரில் 1871இல் ஒரு மளிகைக் கடை திறந்து, 1890இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் வரலாறு ஊக்கம் தரும். எனினும் முதலில் வேண்டுவது கணக்கு நூலே. ஒரு கடைக்காரர் பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு விற்கிறார். பணம் வருவது முப்பது நாளில். மொத்த வியாபாரி கேட்பதோ பதினைந்து நாளில். ஏட்டில் இலாபம் உண்டு, பெட்டியில் பணம் இல்லை. இவ்விரண்டும் வேறென்று அறியாமல் கடையை மூடினோர் எத்தனை பேர்! வருவாய் குறைவதனால் கேடில்லை, செலவு அதனினும் விரிவதே கேடு என்று வள்ளுவரும் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார்.

இத்தகைய நூலைத் தனியே படிப்பதினும் கூடிப் படிப்பது நன்று. எதிர்க்கடைக்காரரிடம் நம் இரகசியத்தைச் சொல்வதா என்னும் தயக்கம் எழலாம். சொல்லவேண்டியதில்லை. நூலில் வரும் கடையின் கணக்கை வைத்தே அனைவரும் வாதிடலாம். தத்தம் கடையின் குறையை ஒவ்வொருவரும் தம் மனத்துள் அறிந்துகொள்ளலாம். பௌர்ணமி விடுமுறையில் ஐந்தாறு பேர் கூடி ஓர் இயலைப் படித்தாற் போதும்.

தமிழில் வணிக நூல் எழுதிய ஒருவருக்கு மலைநாட்டு வரலாற்றிலேயே சிறந்த இடமுண்டு. அவர் கோ. நடேசய்யர். தஞ்சையில் ‘வர்த்தகமித்திரன்’ என்னும் இதழை நடத்தியவர். வங்கி, காப்புறுதி போன்ற பொருள்களில் நூல்கள் இயற்றியவர். வணிகர் சங்கப் பணியாக இலங்கைக்கு வந்தவர், அந்நியர் நுழைய இயலாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியைப் போலச் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டார் என்பர். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். வணிகரின் கணக்கை எழுதிய கை, தொழிலாளரின் வழக்கையும் எழுதிற்று.

அவ்வழக்கும் பெரும்பாலும் கணக்கைப் பற்றியதே. அக்காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளர் பட்ட கடன் அதில் குறிக்கப்படும். அத்தொகையைக் கட்டும் தோட்டத்துக்கே அவர்கள் மாறமுடியும். மாறியபோது கடனும் உடன் சென்றது. தாம் படித்தறியாத ஒரு தாளால் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்தன. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆயினும் படிக்கப்படாத கணக்கின்மீது மலைநாட்டார் கொண்ட அச்சம் ஒரு சட்டத்தால் நீங்குவதன்று.

ஆதலால், கணக்கு நூல் படிக்கும் கடைக்காரர் அதன் பயனைத் தம் பெட்டியோடு நிறுத்தலாகாது. கடன் கொப்பி இரண்டாகட்டும்: ஒன்று கடையில், மற்றொன்று வாங்குபவர் கையில். இரண்டிலும் ஒரே நாளில் ஒரே தொகை ஏறட்டும். லயத்துக் காம்பிராவில் பள்ளி செல்லும் பிள்ளை அதனைக் கூட்டிப் பார்த்துத் தாய்க்குச் சொல்லட்டும். கூட்டல் சரியாயிருக்கும் கடையைத் தேடி அத்தாய் அடுத்த மாதமும் வருவாள்.