நடையும் சக்கரமும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வே எழுத்தனாகிய நான் சொற்பொழிவாளன் அல்லேன். இன்று பேசத் துணிந்ததற்கு என் தம்பியே காரணம்.

2019-ஆம் ஆண்டு ஊருக்குச் சென்றிருந்தபோது, மாமரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு மார்பு மட்டத்தில் தண்டுவடம் சிதைந்தது. கால்களில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. எப்படியேனும் அவன் நடக்கவேண்டும் என்பதே எங்கள் அன்னையாரின் வேண்டுதல். அவனும் காலிப்பர் பூட்டி, ஊன்றுகோல்களில் உடலைத் தூக்கித் தூக்கி நடக்கப் பயின்றான். தெருமுனையை அடைவதற்குள் சட்டை நனைந்துவிடும். காலிப்பர் உராய்ந்து புண்ணானதையும் அவன் உணரவில்லை. மாலையில் அவிழ்த்தபோதே கண்டோம்.

ஒருநாள், "அண்ணா, நடப்பதிலேயே என் பலமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. பிறகு எப்படி வேலை செய்வேன்? சக்கர நாற்காலி வாங்கித் தாருங்கள்" என்றான். அன்னையார் அழுதார். நானும் அதைத் தோல்வியென்றே எண்ணினேன்.

வேலூரில் மருத்துவர் ஒருவர் எங்களைத் தெளிவித்தார். காயம் முழுமையற்றதாகவோ, இடுப்பளவில் தாழ்ந்தோ இருப்பின் பலருக்கு நடை கைகூடும். மார்பு மட்டத்தில் முழுமையாகச் சிதைந்தவர்களுக்கோ, இயல்பான நடையைவிடப் பன்மடங்கு ஆற்றல் செலவாகும். பாரமும் தோள்களில் விழும். சமதரையில் சக்கரத்தைத் தள்ள, ஏறக்குறைய நாம் நடக்கும் அளவு ஆற்றலே போதும். எனினும், தினமும் சிறிது நேரம் நிற்பது மூட்டுகள் இறுகாமலிருக்க உதவும். நாற்காலியில் இருப்பவரும் 15 முதல் 30 நிமிடத்திற்கொருமுறை உடலைத் தூக்கி இறக்காவிடில் புண் வரும். ஆகவே இரண்டும் பகையல்ல. எது எதற்கு என்பதே கேள்வி.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தோன்றவும் அவரே காரணமானார். அவரைத் தோற்றவர் என்று யார் சொல்வார்?

இப்போது தம்பி காலையில் அரைமணி நேரம் காலிப்பருடன் நிற்கிறான். பிறகு நாற்காலியில் கடைக்குச் சென்று கைப்பேசி பழுதுபார்க்கிறான். அன்னையாரும் அழுவதை விட்டு, மதிய உணவு கட்டிக் கொடுக்கிறார்.

நிற்க. இன்று அவனை நால்வர் தூக்கிக்கொண்டே இம்மன்றத்தினுள் வந்தனர். வாசலில் மூன்று படிகள். உயரம் 18 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்ற கணக்கில், 18 அடியில் ஒரு சாய்தளம் போதும். ஆண்டு விழாவுக்குள் அதனை அமைக்குமாறு சங்கத்தாரை வேண்டுகிறேன். அன்று அவன் எவர் துணையுமின்றித் தானே வரட்டும்.