ஏழை மண்டலங்கள் ஏற்றிய விளக்கு
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள், "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். நானும் கடைசியில் அதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒரு பழைய கடனை அடைக்க வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்ப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி. பால் வெட்டும் தொழிலாளியின் மகள். ஒரு நாள் எழுந்து நின்று, "சார், ரொம்ப முதல்ல எல்லாமே இருட்டா இருந்துச்சுன்னா, அந்த இருட்டை யார் சார் போக்குனா?" என்று கேட்டாள். "அது சோதனையில வராது, உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு விடை தெரியவில்லை என்பதே உண்மை. அதை மறைக்கத்தான் சோதனையின் பேரைச் சொன்னேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தப் பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் ஒரே வெப்பம். சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் கழித்துச் சூடு தணிந்தது. தனித்தனியாகத் திரிந்த எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு ஒட்டிக்கொண்டன. எங்கும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம், அவ்வளவுதான். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அதுதான் அந்தச் சிறுமி கேட்ட இருட்டு.

பிறகு முதல் நட்சத்திரங்கள் பிறந்தன. பிறந்தும், அவற்றின் புற ஊதா ஒளி வெளியே போக முடியாதபடி ஹைட்ரஜன் வாயு அதை விழுங்கிக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் ரப்பர்க் காட்டில் பனிமூட்டம் நிற்கும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படி ஒரு மூட்டம். அது விலக வேண்டுமானால் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எடுக்க வேண்டும். இதற்கு அயனியாக்கம் என்று பெயர். சாதாரண ஒளியால் அது முடியாது. மாங்காயைப் பஞ்சு உருண்டையால் ஆயிரம் தடவை அடித்தாலும் விழாது. குறி தவறாத ஒரே கல் போதும். அந்தக் கல்லின் ஆற்றலை விஞ்ஞானிகள் 13.6 எலெக்ட்ரான் வோல்ட் என்று அளந்திருக்கிறார்கள். அவ்வளவு வலுவுள்ள கதிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்து, பேரண்டம் தோன்றிச் சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆவதற்குள் மூட்டத்தை விலக்கிவிட்டன.

சரி, அந்தக் கதிர்களை அனுப்பியது யார்? பெரும்பங்கு சின்னஞ்சிறு நட்சத்திர மண்டலங்களுடையது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. ஆனால் நேரே பார்த்து உறுதி செய்ய வழியில்லை. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அந்தக் கதிர் வழியிலேயே விழுங்கப்பட்டுவிடுகிறது. ஆகவே பாட்டியைப் பார்க்க முடியாதவன் பாட்டி சாயலில் உள்ள பேத்தியைப் பார்ப்பதுபோல, நமக்குப் பக்கத்தில் அதே சாயலில் உள்ள மண்டலங்களைப் பார்க்கிறார்கள்.

அவற்றில் பேர் பெற்றது 'முதலாம் ஸ்விக்கி 18'. சுவிட்சர்லாந்து நாட்டவரான ஃபிரிட்ஸ் ஸ்விக்கியின் பெயரால் வழங்குவது. சப்தரிஷி மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அளவில் சிறியது, ஆனால் அதில் நட்சத்திரங்கள் ஒரே நேரத்தில் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. 1972-இல் சேர்ல், சார்ஜென்ட் என்ற இருவர் ஆராய்ந்து, அது உலோகத்தில் பரம ஏழை என்று எழுதினார்கள். நம்முடைய சூரியனில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு அளவுதான் அங்கே உலோகம்.

உலோகம் என்றால் நம்ம கிந்தா பள்ளத்தாக்கு ஈயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். வானியலார் கணக்கில் ஹைட்ரஜனும் ஹீலியமும் தவிர மற்ற எல்லாமே உலோகம். நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன்கூட அவர்களுக்கு உலோகம்தான்! இவையெல்லாம் நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து, அவை சாகும்போது வெளியே வந்தவை. நம் பாட்டன்மார் காலத்தில் இங்கே தோண்டிய ஈயமும், உளியில் உள்ள இரும்பும், நம் ரத்தத்தில் உள்ள இரும்பும் அப்படி வந்தவையே. உலோகம் குறைவு என்றால், அங்கே இன்னும் அதிகத் தலைமுறைகள் வாழ்ந்து முடியவில்லை என்று பொருள்.

இதில் ஒரு விந்தை பாருங்கள். ஏழையாக இருப்பதே அந்த நட்சத்திரங்களுக்கு வலிமையாகிறது. உலோகம் குறைந்த நட்சத்திரம் கட்டுக்குலையாமல் சிறுத்து, அதிகச் சூடாக எரிகிறது. தூசியும் குறைவு, ஆகவே ஒளி தப்பி வெளியேற வழி கிடைக்கிறது.

ஆனாலும் ஒரு புதிர் இன்னும் தீரவில்லை. ஹீலியத்தின் இரண்டாவது எலெக்ட்ரானைப் பிய்க்க 54.4 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும்; முன்னே சொன்னதைப்போல நான்கு மடங்கு. முதலாம் ஸ்விக்கி 18-இல் அதுவும் நடந்திருக்கிறது. சாதாரணச் சூடான நட்சத்திரங்களால் அவ்வளவு முடியாது. மேலாடை உதிர்ந்த உல்ஃப்-ராயே நட்சத்திரங்களா? துணை நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து எக்ஸ் கதிர் வீசும் கருந்துளையா? உலோகமே இல்லாத விசித்திர நட்சத்திரங்களா? பெரிய பெரிய விஞ்ஞானிகள் இன்றைக்கும் வழக்காடுகிறார்கள். ஐந்தாம் ஆண்டுச் சிறுமி கேட்ட கேள்வியின் வால் இன்னும் பிடிபடவில்லை!

இது யாரோ வெள்ளைக்காரன் ஆராய்ச்சி என்று ஒதுங்க வேண்டாம். எந்த வெப்பத்தில் அணு எவ்வளவு அயனியாகும் என்ற கணக்கை 1920-இல் உலகுக்குக் கொடுத்தவர் மேகநாத் சாகா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சின்ன மளிகைக்கடைக்காரர் மகன். நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறி வந்த வட ஆற்காட்டில், ஜவ்வாது மலைக் காவலூரில், 1986-இல் 2.3 மீட்டர்த் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் மற்ற நிலையங்களோடு சேர்ந்து செய்த புற ஊதாத் தொலைநோக்கி, 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் விண்கலத்தில் ஏறிப் போனது. அதன் மூலம் 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மண்டலத்திலிருந்து தப்பி வந்த அயனியாக்கும் கதிரைப் பிடித்தார்கள். புனேயைச் சேர்ந்த கனக் சாகா தலைமையிலான குழு அதை 2020-இல் வெளியிட்டது.

பெற்றோர்களே, என் தாயாரும் பால் வெட்டியவர்தான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெரைக்குப் போவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு விளக்கும் ஒரு புள்ளி. ஒரு விளக்கு ஒரு மரத்துக்குத்தான் வெளிச்சம் காட்டும். ஆனால் எத்தனையோ புள்ளிகள் சேர்ந்து காடு முழுவதும் வேலை நடந்தது. பேரண்டத்தின் மூட்டத்தை விலக்கியதும் அப்படிப்பட்ட புள்ளிகள்தான் என்று படித்தபோது என் தாயாரைத்தான் நினைத்துக்கொண்டேன். சின்னப் பள்ளி, தோட்டப் பள்ளி என்று நம்மை நாமே குறைத்துப் பேசிக்கொள்ள வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. பிள்ளை ஏதாவது கேட்டால், "உட்காரு" என்று சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியல, வா, தேடிப் பாப்போம்" என்று சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை. ஏப்ரல், மே மாத முன்னிரவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். சுண்ணாம்புக் குன்று மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டுங்கள். முதலாம் ஸ்விக்கி 18 கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, நன்றாகப் படியுங்கள். அதோடு, நன்றாகக் கேளுங்கள். அந்தச் சிறுமி இன்று எங்கேயோ ஒரு தாயாக இருப்பாள். இந்த மலர் அவள் கைக்குக் கிடைத்தால், "அம்மா, உன் கேள்விக்குத்தான் இந்தப் பதில், அன்று உட்காரச் சொன்னது என் தவறு" என்று அவள் அறியட்டும்.